போக நினைக்கும் நட்சத்திர வீரரை என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணி வேறு அணிக்குக் கைமாற்றிவிட வேண்டுமா?

சுங்கை சிப்புட்டில் எங்கள் கூட்டத்துக்கு இது காலை நேரத்து மாமாக் கடைச் சண்டை. அமெரிக்காவில் இரவு ஆட்டம் என்றால் இங்கே தே தாரிக் வேளை.

என்னைக் கேட்டால் கைமாற்றலாம், ஆனால் ஒப்பந்தத்தில் ஆண்டு மிச்சமிருக்கும்போதே. 2016-ல் ஓக்லஹோமா சிட்டி அணியின் கெவின் டுராண்ட் ஒப்பந்தம் முடிந்து வாரியர்ஸ் அணிக்குப் போனார். ஓக்லஹோமா சிட்டிக்குப் பதிலுக்கு ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை. அந்தச் சூடு நினைவிருந்ததோ என்னவோ, 2019-ல் அங்கிருந்த பால் ஜார்ஜ் போகிறேன் என்றதும் கிளிப்பர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர், கலினாரி, கூடவே புது வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில் 5 முதல் சுற்று உரிமைகள். அதில் ஒன்றில் வந்தவர்தான் ஜேலன் வில்லியம்ஸ். 2025-ல் ஓக்லஹோமாவுக்குக் கோப்பை!

ஆனால் நடுவில் இரண்டு பருவம் அடிமேல் அடி. 2020-21-ல் 72 ஆட்டத்தில் 22 வெற்றிதான். தோட்டத்து ஆளுக்கு இது புரியும்: செம்பனையை வெட்டி மறுநடவு செய்தால் குலை வெட்ட மூன்று வருஷமாவது ஆகும். அதுவரை கையைப் பிசைய வேண்டியதுதான்.

சரி, விடாமல் வைத்திருந்தால்? 2007-ல் கோபி பிரையன்ட் போகவேண்டும் என்றார், அவருடைய அணி லேக்கர்ஸ் விடவில்லை. அடுத்த ஆண்டே பாவ் கசோலைக் கொண்டுவந்தார்கள். 2009, 2010 இரண்டிலும் கோப்பை. கோபியின் குறை பக்கத்தில் நல்ல ஆள் இல்லை என்பது. அதைத் தீர்க்க முடிந்தது.