“அடியாள்” என்பதை விட்டு “நான்” என்றபோது

கேள்வி: சீன அரண்மனைத் தொடர்களில் நாயகிகள் பேரரசரையே எதிர்த்துப் பேசுகிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படி நடந்திருந்தால் தலை தப்பியிருக்குமா? இன்றைய பெண்ணியத்துக்குப் பழைய பட்டாடை உடுத்திவிட்ட கதைகள்தானே இவை?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: வசன வரிகளை மட்டும் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

அந்தத் தொடர்களில் ஒரு பெண் தன்னைக் குறிக்கும் சொல், எதிரே யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். பணிப்பெண் தன்னை ‘நுபி’ என்பாள், அதாவது அடிமைப்பெண். அரசரிடம் பேசும் மனைவி தன்னை ‘சென்சியே’ என்பாள்; கிட்டத்தட்ட நம் ‘அடியாள்’. அதே மனைவி தன் மாளிகைக்குத் திரும்பி, கீழ்ப்பட்டத்தில் இருப்பவளிடம் ‘பென்கோங்’ என்பாள்; இந்த மாளிகைக்கு உடையவள் என்ற தோரணை. வசன வரியில் மூன்றுமே ‘நான்’தான். அரசர் முன்னால் நாயகி ‘சென்சியே’யை விட்டுவிட்டு வெறும் ‘வோ’ என்று, நாம் சொல்லும் சாதாரண ‘நான்’ என்று பேசும் கணம்தான் உண்மையான மீறல். மற்ற இடங்களில் உங்களுக்கு வாய்த்துடுக்காகத் தெரிவது பெரும்பாலும் மரியாதைச் சொல்லுக்கு உள்ளே நின்றபடியே பேசியது.

பட்ட வரிசையையும் தெரிந்துகொண்டு பாருங்கள். சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் வம்சத்தின் அந்தப்புரத்தில் பேரரசி ஒருவர். அடுத்து ஹுவாங்குய்ஃபெய் ஒருவர், குய்ஃபெய் இருவர், ஃபெய் நால்வர், ‘பின்’ என்ற பட்டத்தில் அறுவர். அதற்குக் கீழே குய்ரென், சாங்ஸாய், தாயிங். இவர்களுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. யார் யாருக்கு மண்டியிட வேண்டும், யார் யாரைத் தண்டிக்கலாம் என்பதெல்லாம் இந்த ஏணியில்தான் இருக்கிறது. நாயகியின் பலம் ஏணியை உதைப்பதில் இல்லை, ஒவ்வொரு படியின் விதியையும் மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருப்பதில் இருக்கிறது.

2018இல் வந்த யான்சி அரண்மனைத் தொடரின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பணிப்பெண் ஒருத்தியின் விரல்களை மிதித்து நசுக்குகிறாள், மணப்பெண் தேர்வுக்கு வந்த செருக்குக்காரி ஒருத்தி. எம்பிராய்டரி வேலைக்கு வந்த வெய் இங்லுவோ அவளிடம் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. அவள் நடக்கும் இடமெல்லாம் பொடியால் தாமரைத் தடம் பதியும்படி காலணியை அமைத்துக் கொடுத்து அனுப்புகிறாள். தரையில் தாமரையைப் பார்த்த பேரரசருக்கு, பிரியமானவள் மிதித்து நடக்கப் பொன் தாமரை பதித்துக் கடைசியில் நாட்டையே தொலைத்த தென் சி வம்ச அரசனின் கதை நினைவுக்கு வருகிறது. அவ்வளவுதான், அவள் வெளியே. வரலாறு படித்தவளின் அடி அது.

2011இன் ஜென் ஹுவான் தொடர் இன்னும் கூர்மை. 76 அத்தியாயங்களின் முடிவில், சாகக் கிடக்கும் யோங்ஜெங் பேரரசர் நாயகி ஜென் ஹுவானைக் கேட்கிறார்: இந்தப் பிள்ளை என் பிள்ளைதானா? பூமியில் உள்ள எல்லாரும் பேரரசராகிய உங்கள் பிள்ளைகளே அல்லவா என்ற பொருளில் பதில் சொல்கிறாள். ஒவ்வொரு சொல்லும் அரசவை மரியாதைக்குப் பொருந்தும். ஒன்றைக்கூடக் குற்றமென்று எடுத்துக்காட்ட முடியாது. கேட்டவருக்கு மட்டும் அது ஈட்டி. இதை எழுதியவர்களை நான் மனதாரப் பாராட்டுவேன்.

ஒரு விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். இந்தத் தொடர்களில் இன்றைய சரக்கு உண்டு, ஆனால் அது துணிச்சல் இல்லை, காதல். நூற்றுக்கணக்கான பெண்கள் வாழ்ந்த அந்தப்புரத்தில் ‘நீ எனக்கு மட்டும்’ என்று அரசரிடம் எதிர்பார்ப்பதுதான் நம் காலத்து ஆசை. யான்சி நாயகிக்கு மூலமான லிங் பட்டத்துப் பெண் (1727–1775) நான்கு மகன்களையும் இரண்டு மகள்களையும் பெற்றவர். மகன் ஜியாசிங் பேரரசரானார். படிப்படியாகப் பட்டம் ஏறி 1765இல் ஹுவாங்குய்ஃபெய் ஆனார்.

தலை தப்பியிருக்குமா என்று கேட்டீர்களே, அதற்கும் அதே 1765இல் பதில் இருக்கிறது. சியான்லோங் பேரரசரின் தென்திசைப் பயணத்தில், ஹாங்சோவில் வைத்து, நாரா பேரரசி தன் கூந்தலைத் தானே வெட்டிக்கொண்டார். சிங் அரச குலத்தாரான மஞ்சு இனத்தின் வழக்கப்படி பேரரசரோ அரசரின் தாயோ இறந்தால்தான் பெண் கூந்தலை வெட்டலாம். இருவரும் உயிரோடிருக்கும்போது வெட்டுவது இருவருக்கும் இட்ட சாபம். இவரை நாயகியாக்கிய 2018இன் ரூயி தொடரின் 87 அத்தியாயங்களும் இந்த ஒரு கணத்தை நோக்கித்தான் நகர்கின்றன. கதாசிரியர் கற்பனை செய்தது காரணத்தை மட்டும்தான். செயல் நடந்தது, பதிமூன்று ஆண்டுகள் கழித்து 1778இல் பேரரசரே ஆணையில் அதைக் குறிப்பிடுகிறார்.

தலை போகவில்லை. அவரை முன்கூட்டியே பெய்ஜிங்குக்குத் திருப்பி அனுப்பினார்கள், பட்டச் சான்றுகளைப் பறித்தார்கள். 1766இல் அவர் இறந்தபோது பேரரசர் வேட்டைப் பயணத்தில் இருந்தார். பேரரசிக்குரிய இறுதிச் சடங்கு நடக்கவில்லை. தனிக் கல்லறையும் கட்டவில்லை. இன்னொரு மனைவியின் கல்லறைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்.