கொள்ளைநோய் பரவுவதைப் பற்றிய ஹாலிவுட் படமான 'கன்டேஜியன்'-இல் இத்தனை நட்சத்திரங்கள் இருந்தும் நாயகன் என்று ஒருவரும் இல்லையே, அதில் என்ன விறுவிறுப்பு?

நீங்கள் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். க்வினெத் பேல்ட்ரோ வந்த வேகத்தில் இறந்துபோகிறார். மேட் டேமனை நோய் தொடுவதில்லை, ஆனால் அவர் யாரையும் காப்பாற்றுவதும் இல்லை. கேட் வின்ஸ்லெட்டை நம்பத் தொடங்கும்போது அவரும் போய்விடுகிறார். எரிச்சல் வருவது இயல்புதான். ஆனாலும் நாயகன் இல்லாவிட்டால் விறுவிறுப்பும் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. (இனி கதையைச் சொல்லித்தான் பேச வேண்டும். படம் பார்க்காதவர்கள் பொறுத்தருள்க.)

2020இல் நான் ஒப்பந்த ஊழியராகத் தொடர்புத் தடமறியும் பணியில் இருந்தேன். தொற்று உறுதியானவரைத் தொலைபேசியில் அழைத்து, எங்கே போனார், யாரோடு இருந்தார் என்று கேட்டுப் பட்டியல் எடுக்க வேண்டும். வின்ஸ்லெட் நடித்த மருத்துவர் எரின் மியர்ஸ் செய்வதும் அதைத்தான். மருத்துவம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அவரும் நானும் ஒரே தகுதி உடையவர்கள் என்று சொல்லவில்லை. கேட்ட கேள்விகள் ஒன்றே என்கிறேன்.

ஒரு பெரியவர், "வீட்டு வாசலைத் தாண்டவில்லை" என்று சாதித்தார். அவர் பொய் சொல்லவில்லை. முடி திருத்துபவர் வீட்டுக்கே வந்து போயிருந்தார், அவ்வளவுதான். அதை அவருடைய மருமகள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். முடி திருத்துபவரை அழைத்தபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பெயர்களைச் சொன்னால் இனி ஒருவரும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார். எந்த வீடு, யாருக்கு முடி, யாருக்குச் சவரம், பக்கத்தில் எந்தக் குழந்தை நின்றது என்று போன வரிசை மாறாமல் சொன்னார். கையில் ஒரு குறிப்பும் கிடையாது. நான் எழுதி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். பிழைப்பே போய்விடும் என்று தெரிந்தும் சொன்ன அந்த மனிதரைவிடப் பெரிய நாயகனை நான் சந்தித்ததில்லை. படமாக எடுத்தால் அவருக்கு ஒரு நிமிடம் கிடைக்கும்.

இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க்கும் எழுத்தாளர் ஸ்காட் பர்ன்ஸும் 2011இலேயே இதைப் புரிந்துவைத்திருக்கிறார்கள். மியர்ஸ் விடுதி அறையில் காய்ச்சலோடு விழித்தவுடன் செய்யும் வேலையைக் கவனியுங்கள். வரவேற்பறையை அழைத்து, முந்தைய 24 மணி நேரத்தில் தன் அறைக்கு வேலையாக வந்தவர்களின் பெயர்களைக் கேட்கிறார். சாகப்போகிறோம் என்ற பயத்திலும் பட்டியல்தான் முதலில். துரத்தல் காட்சி எதிலும் எனக்கு நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை.

படத்தின் கடைசியில் வரும், நோய் தொடங்கிய 'முதல் நாள்' காட்சிதான் அந்தப் பட்டியலின் தலைவரி. மரங்கள் சாய்கின்றன, இடம் பெயர்ந்த வௌவால் கடித்த வாழைப்பழத் துண்டு பன்றிக் கொட்டிலில் விழுகிறது, அந்தப் பன்றியைக் கையாண்ட சமையல்காரர் கையைக் கழுவாமல் துடைத்துவிட்டுப் பேல்ட்ரோவோடு கைகுலுக்குகிறார். இது வெறும் கற்பனை என்பவர்கள் 1998-99இல் மலேசியாவில் நிப்பா பரவிய கதையைப் படிக்கட்டும். அங்கே பன்றிகளிடமிருந்துதான் நோய் மனிதர்களுக்கு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

படத்தில் வரும் மினசோட்டா மாநில அதிகாரிகள் கூட்டத்தில், இதற்கெல்லாம் யாருடைய நிதியிலிருந்து செலவு என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். தொற்று குறைந்ததும் எங்களை ஒரு குறுஞ்செய்தியில் விலக்கினார்கள். கடைசி மாதச் சம்பளத்துக்கு அலையவிட்டார்கள். பாராட்டு விழா மேடையில் நின்றவர்களில் தொலைபேசியைத் தொட்டவர் ஒருவரும் இல்லை. உங்கள் கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பீர்கள். இருக்கட்டும்.

மரியோன் கோட்டியார் கடத்தப்படும் பகுதி பலவீனமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நெடுநேரம் அவரை மறந்தே விடுகிறார்கள். ஜூட் லா பரப்பும் போலி மருந்துக் கதை மிகை என்பவர்களோடு மட்டும் உடன்பட மாட்டேன். அதைவிட மோசமான மருந்துகளை நம்பியவர்களிடம் நான் தொலைபேசியில் பேசியிருக்கிறேன்.