வீட்டைக் காட்டியது நான், கமிஷன் மட்டும் இல்லையா?

கேள்வி: திருச்சியில் ஒரு புரொமோட்டரிடம் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாகத் தரகுத் தொழில் செய்கிறேன். கே.கே. நகரில் ஒரு பழைய வீட்டை ஒரு பார்ட்டிக்கு மூன்று முறை காட்டினேன். விலை ஒத்துவரவில்லை என்று போனவர், இரண்டு மாதம் கழித்து ஓனரிடம் நேரடியாகப் பேசிக் கிரயம் முடித்துவிட்டார். ஓனர் இரண்டு சதவீதம் தருவதாக வாய்ப்பேச்சுதான். கமிஷன் கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். உங்கள் அறிமுகத்தால்தான் விற்பனை நடந்தது என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' பெரிய வேலை.

முதலில் பதிவுத்துறை இணையதளத்தில் அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். வாங்கியவர் பெயரும் பத்திரப்பதிவு நடந்த தேதியும் அதில் வந்துவிடும். அப்புறம், 'நாளைக்கு வீடு பார்க்க வர்றோம்' என்ற வகையில் அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வையுங்கள். ஃபோனையும் மாற்றாதீர்கள். வெறும் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினால் எதிர்த்தரப்பு சுலபமாக மறுத்துவிடும். இதெல்லாம் கையில் வந்ததும், கமிஷன் தருவதாகச் சொன்ன ஓனருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்குப் போட மூன்று வருடம் கெடு. ஒரு கமிஷன் வழக்குக்காகச் சின்னத் தரகர்கள் வருடக்கணக்கில் வாய்தா வாய்தாவாக அலைவதைப் பார்த்து எனக்கு வெறுத்துப்போய்விட்டது. நோட்டீஸுக்குப் பிறகு அவர்கள் பேச வந்தால், கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது முடித்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் இப்படி நடக்காமல் இருக்க ஒரே ஒரு தாள் போதும். வீடு காட்டும் முன்பே ஓனரிடம் எழுதி வாங்குங்கள். கமிஷனைச் சதவீதமாக எழுதாதீர்கள், ரூபாயாக எழுதுங்கள். பத்திரத்தில் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை மட்டும் போட்டுவிட்டு மீதியை வேறு வழியில் கைமாற்றுகிறவர்கள் நிறைய. இரண்டு சதவீதம் என்று எழுதியிருந்தால், 'பத்திரத்தில் உள்ள தொகைக்குத்தான்' என்பார்கள். எப்போது தர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 219-வது பிரிவின்படி, தனியாகப் பேசிக்கொள்ளாவிட்டால் வேலை முடிந்த பிறகுதான் ஏஜென்டுக்குக் கூலி. அட்வான்ஸ் அன்று பாதி, கிரயத்தன்று பாதி என்று பேசிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

சொந்தமாகத் தொழில் தொடங்குகிறவர்களிடம் நான் மன்றாடிச் சொல்வது ஒன்று உண்டு. மேல் வைத்து விற்காதீர்கள். ஓனர் 70 லட்சம் கேட்டால் பார்ட்டியிடம் 76 சொல்லி, நடுவில் உள்ள ஆறை நாலு தரகர்கள் பங்கு போட்டுக்கொள்வது பல ஊர்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் தொழில் ரகசியம் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். ஓனருக்குத் தெரியாமல் சம்பாதித்த அந்தப் பணத்தை ஓனர் திருப்பிக் கேட்கலாம். நேர்மை தவறிய ஏஜென்டுக்குப் பேசிய கூலியும் கிடையாது என்கிறது அதே சட்டத்தின் 220-வது பிரிவு. அட்வான்ஸ் பணத்தை உங்கள் கணக்கில் வாங்கி வைப்பதும் வேண்டாம். நேராக ஓனர் கணக்குக்குப் போகட்டும்.

ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு இல்லாமல் கமிஷன் கேட்கலாமா என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ரெராவில் பதிவு செய்ய வேண்டிய திட்டங்களில் உள்ள மனை, ஃபிளாட்டை விற்றுக்கொடுத்தால்தான் ஏஜென்டுக்குப் பதிவு கட்டாயம். ஒருவர் குடியிருந்த பழைய தனி வீட்டை இன்னொருவருக்கு விற்றுக்கொடுத்தால் அது தேவையில்லை. உங்கள் கே.கே. நகர் வீடு இந்த வகைதான், பயப்படாதீர்கள். ஆனால் நாளைக்கே பழைய முதலாளி கூப்பிட்டு, 'நம்ம புது லேஅவுட்டில் பத்து மனை தள்ளிக்கொடுங்க' என்பார். அப்போது பதிவு இல்லாமல் ஒரு மனைகூட விற்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், அந்தச் சொத்து விலையில் ஐந்து சதவீதம் வரை ஏறலாம். புரொமோட்டரின் பதிவே உங்களுக்கும் போதும் என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏஜென்ட் பதிவு தனி, அதை உங்கள் பெயரில் எடுக்க வேண்டும்.

நோட்டீஸில் வீடு காட்டிய மூன்று தேதிகளையும் குறிப்பிட மறக்காதீர்கள். தேதி நினைவில்லை என்றால், அந்த நாட்களில் அவர்களுடன் பேசிய அழைப்புப் பட்டியலை ஃபோனில் பாருங்கள்.