விம்ஆர்சி கோப்பில் மாற்றிய வரிகளை மட்டும் இயக்குவது எப்படி?

கேள்வி: விம் எடிட்டரின் அமைப்புகளை எழுதிவைக்கும் விம்ஆர்சி கோப்பில் இரண்டு மூன்று வரிகளை மாற்றினாலும் முழுக் கோப்பையும் மீண்டும் இயக்கியே விளைவைப் பார்க்கிறேன். மாற்றிய வரிகளை மட்டும் இயக்க வழி உண்டா?

பதில்: உண்டு. 2022 ஜூனில் வெளியான விம் 9.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உங்களிடம் இருந்தால், பெரிய எழுத்து வி-யை அழுத்தி வேண்டிய வரிகளைத் தேர்ந்தெடுத்து, கோலனை அழுத்துங்கள். கட்டளை வரியில் '<,'> என்ற குறி தானாகவே தோன்றும்; அதன் பின் 'சோர்ஸ்' என்ற கட்டளையைத் தட்டி என்டர் செய்தால் போதும். கர்சர் நிற்கும் வரியை மட்டும் இயக்க, கோலனுக்குப் பின் ஒரு புள்ளி வைத்து அதே கட்டளையைத் தரலாம். கோப்பைச் சேமிக்காமலேயே வரிகள் இயங்கும் என்பதால் ஓர் அமைப்பைச் சோதித்துப் பார்க்க இது மிகவும் வசதியானது. விம்மிலிருந்து கிளைத்த எடிட்டரான நியோவிம்மில் இவ்வசதி முன்னரே வந்துவிட்டது. ஆனால் அங்கே வரிகளைக் குறிப்பிடாமல் வெறுமனே சோர்ஸ் என்று தந்தால் திறந்திருக்கும் கோப்பு முழுவதும் இயங்கிவிடும்.

பழைய பதிப்பாக இருந்தால், வரிகளைத் தேர்ந்தெடுத்து ஒய் விசையால் நகலெடுத்து, :@" என்று தட்டுங்கள். நகலெடுத்த வரிகள் கட்டளைகளாக இயங்கும். எனினும் 'எஸ்:' என்று தொடங்கும், அந்தக் கோப்புக்கே உரிய ஃபங்ஷன்களும் மாறிகளும் இவ்வழியில் இயங்காமல் பிழை காட்டும்.

கட்டளையைத் தெரிந்துகொள்வது எளிது. கவனம் வேண்டியது வேறோர் இடத்தில். வரிகளை மீண்டும் இயக்குவது, விம்மின் தற்போதைய நிலையின் மேல் அவற்றைச் சேர்ப்பதே அன்றி, முன்பு இயங்கியதை அழிப்பதன்று. ஒரு மேப்பிங்கை, அதாவது ஒரு விசைக்கு நாம் தந்த வேலையை, கோப்பிலிருந்து நீக்கினாலும், விம்மை மூடித் திறக்கும்வரை அது வேலை செய்துகொண்டே இருக்கும். ஃபங்ஷனை வரையறுக்கும் கட்டளையில் ஆச்சரியக்குறி இல்லையெனில், அதே ஃபங்ஷன் ஏற்கெனவே உள்ளது என்று இரண்டாம் முறை பிழை வரக்கூடும்.

அதிகத் தொல்லை தருபவை, குறிப்பிட்ட நிகழ்வின்போது தானாக இயங்கும் ஆட்டோகமாண்டுகளே. கோப்பைச் சேமிக்கும்போது வரி இறுதியில் உள்ள வெற்றிடங்களை நீக்கும் ஆட்டோகமாண்டை மூன்று முறை இயக்கியிருந்தால், ஒவ்வொரு சேமிப்பின்போதும் அவ்வேலை மூன்று முறை நடக்கும். ஆகவே அவற்றை ஆகுரூப் என்னும் பெயரிட்ட குழுவுக்குள் வைத்து, குழுவின் முதல் வரியில் ஆச்சரியக்குறி சேர்த்த வெறும் ஆட்டோகமாண்ட் கட்டளையை எழுதுவதே முறை. அது அக்குழுவின் பழைய பதிவுகளை நீக்கிவிட்டுப் புதியவற்றுக்கு இடம் தரும். ஆனால் குழுவின் தொடக்க வரியை விட்டுவிட்டு, அந்த நீக்கும் வரியை மட்டும் தேர்ந்தெடுத்து இயக்கினால், எந்தக் குழுவிலும் சேராத ஆட்டோகமாண்டுகள் அனைத்தும் சத்தமின்றி மறைந்துவிடும். எனவே குழுவின் தொடக்கம் முதல் முடிவு வரை முழுமையாகத் தேர்ந்தெடுங்கள். ஃபங்ஷன், இஃப் போன்ற தொகுதிகளுக்கும் இதுவே பொருந்தும். அவற்றின் இறுதி வரி விடுபட்டால் பிழைச்செய்தியாவது வரும் என்பது மட்டுமே ஆறுதல்.

ஒரு மேப்பிங்கோ அமைப்போ எதிர்பார்த்தபடி இல்லையெனில், அதைக் காட்டும் கட்டளைக்கு முன் 'வெர்போஸ்' என்று சேர்த்துத் தாருங்கள். அது கடைசியாக எங்கிருந்து அமைக்கப்பட்டது என்பதை விம்மே சொல்லிவிடும்; பல சமயம் ஏதேனும் ஒரு பிளகினே அதை மாற்றியிருக்கும்.