எலெக்ட்ரிக் கிட்டார் கட்டுவது எப்படி: கேள்வி பதில்

சாலிட் பாடி (உள்ளே கூடு இல்லாத கெட்டி உடல்) கிட்டார், மரம், ஹார்ட்வேர், ஒயரிங் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ஆம்ப், பெடல் என் துறை இல்லை. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: நெக்கை (விரலால் தந்தியை அழுத்தும் நீண்ட கழுத்து) பொருத்தி அளந்து பார்க்காமல் பிரிட்ஜுக்கு (உடலில் தந்திகளைத் தாங்கும் பாகம்) துளை போடாதீர்கள்.

கேள்வி: முதல் கிட்டார் செய்யப் போகிறேன். எந்த மரம் வாங்கலாம்?

பதில்: பாடிக்கு ஆல்டர், பாப்லர், பாஸ்வுட், மஹோகனி என எது கிடைத்தாலும் சரி. காய்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஈரப்பதம் 6 முதல் 8 சதவீதம் இருந்தால் நல்லது. மீட்டர் இல்லையா? பலகையை எடை போட்டு, தேதியோடு அதன் மேலேயே பென்சிலால் எழுதி, வேலை செய்யும் அறையிலேயே வையுங்கள். வாரம் ஒருமுறை மறுபடி எடை பாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகு ரம்பத்தை எடுங்கள்.

நெக் விஷயத்தில்தான் கறாராக இருக்க வேண்டும். ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுவை கொடுக்கும். மர ரேகை தலையிலிருந்து அடிவரை நீளவாக்கில் ஓட வேண்டும். பக்கவாட்டில் வெளியேறும் ரேகை உள்ள பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் நெக்குக்கு வேண்டாம்.

கேள்வி: ஸ்கேல் நீளம் (தந்தி அதிரும் நீளம்) 648 மிமீ. பிரிட்ஜை நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்திகள் அமரும் பள்ளங்கள் உள்ள துண்டு) சரியாக 648 மிமீயில் வைத்தால் போதும்தானே?

பதில்: போதாது. நட்டின் முன்முகத்திலிருந்து 12ஆம் ஃப்ரெட்டின் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நடு வரை 324 மிமீ வருகிறதா என்று முதலில் பாருங்கள். டேப்பின் கொக்கியில் ஆட்டம் இருக்கும், எஃகு அளவுகோலால் அளந்து பாருங்கள். இரண்டு மடங்கு போட்டால் 648. அந்தக் கோட்டில் மெல்லிய முதல் தந்தியின் சேடில் (பிரிட்ஜில் தந்தி உட்காரும், முன்பின் நகர்த்தக்கூடிய துண்டு) நிற்க வேண்டும். தடித்த தந்திகளின் சேடில்கள் அதைவிட 2, 3 மிமீ பின்னால் போகும், சிலவற்றில் இன்னும் கூடுதலாக. ஃப்ரெட்டில் அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி ஏறுகிறது, அதை ஈடுகட்டத்தான் இந்தக் கூடுதல் நீளம். அதனால் முதல் சேடிலை அதன் ஓட்டத்தின் முன்பக்கத்திலும் மற்றவற்றுக்குப் பின்னால் இடம் விட்டும் பிரிட்ஜை வையுங்கள்.

அடுத்தது பக்கவாட்டு அளவு. நட்டின் முதல், ஆறாம் பள்ளங்களிலிருந்து இரண்டு நூல்களை இழுத்து, பிரிட்ஜில் அதே தந்திகளின் இடத்தில் ஒட்டுங்கள். கடைசி ஃப்ரெட் பக்கம் குனிந்து பாருங்கள். நூலுக்கும் பலகையின் ஓரத்துக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருந்தால், துளை போடலாம்.

கேள்வி: மஹோகனி என்றால் இதமான ஒலி, மேப்பிள் என்றால் பளிச்சென்ற ஒலி. சரிதானே?

பதில்: சாலிட் பாடியில் அந்த வித்தியாசத்தை நான் நம்புவதில்லை. எடை, அழகு, உளிக்கு எவ்வளவு இணங்குகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பல வருடங்களாக வாசிக்கிறேன். எனக்குத் தெளிவாகவே வித்தியாசம் கேட்கிறது. நீங்கள் சொல்வதை ஏற்க முடியாது.

பதில்: கேட்பது உண்மைதான், அது மரத்தால் வருகிறதா என்பதுதான் கேள்வி. பிக்கப்பில் இருப்பது காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும். எஃகுத் தந்தி அசைய, காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் உண்டாகிறது. மரத்துக்குள் ஓடும் அதிர்வை நல்ல பிக்கப் நேரடியாக எடுப்பதில்லை. தந்தியின் இரு முனைகளும் எவ்வளவு இறுக்கமாகப் பிடிபட்டிருக்கின்றன என்பது வழியாக மட்டும் மரம் உள்ளே வருகிறது. அங்கேயும் நெக்கின் விறைப்புதான் பெரிய பங்கு. சில கிட்டார்களில் மூன்றாம் தந்தியில் ஓர் இடத்தில் ஸ்வரம் சட்டென்று செத்துப்போகும். அங்கே நெக் தந்தியின் ஆற்றலை உறிஞ்சுகிறது.

1940களின் தொடக்கத்தில் லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர் ஒரு பைன் மரக்கட்டையில் பிக்கப்பைப் பொருத்தி வாசித்தார். பக்கவாட்டில் அவர் ஒட்டிய பாகங்கள் பார்க்கக் கிட்டார் போலத் தெரிவதற்காக. டேன்எலெக்ட்ரோ நிறுவனம் மேசனைட் (அழுத்திய மரநார்) பலகையில் கிட்டார் செய்தது. 1969இல் டான் ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்த ஆம்பெக் கிட்டாரின் பாடி அக்ரிலிக் பிளாஸ்டிக். 1970களில் டிராவிஸ் பீன் கிட்டார்களுக்கு அலுமினிய நெக். எல்லாமே மேடையேறின.

இரண்டு கிட்டார்களை ஒப்பிடும்போது பிக்கப், அதன் உயரம், தந்தியின் வயது, ஸ்கேல் நீளம் எல்லாமே வேறாக இருக்கும். உங்கள் கிட்டாரில் பிக்கப்பை 1 மிமீ உயர்த்தி வாசித்துப் பாருங்கள். அந்த மாற்றத்தைக் கேட்ட பிறகு மறுபடி பேசலாம்.

கேள்வி: அப்போது விலை உயர்ந்த மரக் கிட்டார்களெல்லாம் ஏமாற்றா?

பதில்: அப்படிச் சொல்லவில்லை. நன்றாகச் சீர் செய்த ஃப்ரெட், சரியாக உட்காரும் நெக் மூட்டு, கவனமாக வெட்டிய நட் இவற்றுக்குக் கொடுக்கும் பணம் நியாயமானது. அந்த உழைப்பை எந்த மரத்திலும் செய்யலாம்.

கேள்வி: ஆஷ் பாடி போட்டால் ஒலி கூர்மையாகுமா?

பதில்: மேலே விரிவாக எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: வால்யூம் பாட் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) 250 கிலோ ஓமா, 500 கிலோ ஓமா?

பதில்: ஒற்றைச் சுருள் பிக்கப்பான சிங்கிள் காயிலுக்கு 250, இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கருக்கு 500. பாட்டின் மதிப்பு குறையக் குறைய மேல் அதிர்வெண்கள் கரையும்.

கேள்வி: ஈட்டி மரத் துண்டை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

பதில்: காகிதங்கள் இல்லாமல் வேண்டாம். ஈட்டி டால்பெர்ஜியா பேரினத்தைச் சேர்ந்தது. 2017 முதல் அந்தப் பேரினம் முழுவதும் சைட்டீஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாட்டில் இருக்கிறது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு தந்தார்கள், ஆனால் அறுத்த பலகைக்கு அது பொருந்தாது. பிரேசில் ஈட்டி 1992 முதல் இன்னும் கடுமையான பட்டியலில். எப்படியும் இழைக்கும்போது முகமூடி போடுங்கள், இந்தத் தூள் பலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும்.

கேள்வி: தேக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறதே?

பதில்: அதன் எண்ணெய்தான் காரணம். ஒட்டும் பரப்பைப் புதிதாக இழைத்து, அசிட்டோனால் துடைத்து, அது காய்ந்ததும் உடனே பசை போடுங்கள். மறுநாள் போட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

கேள்வி: மஹோகனிக்கு எந்த ஆம்ப் பொருந்தும்?

பதில்: ஆம்ப் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். மஹோகனியைப் பற்றி என் பதில் மேலே இருக்கிறது.

கேள்வி: ஃப்ளாய்ட் ரோஸ் என்ற அசையும் பிரிட்ஜ் போடலாமா? இது முதல் கிட்டார்.

பதில்: வேண்டாம். நிலையான பிரிட்ஜ் போடுங்கள்.

கேள்வி: பிரிட்ஜை 4 மிமீ பின்னால் துளை போட்டுவிட்டேன். இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது) வரவில்லை.

பதில்: இதற்காகத்தான் முதல் வரியிலேயே சொன்னேன். பரவாயில்லை, காப்பாற்றலாம். துளையைச் சுத்தமாகப் பெரிதாக்கி, கடினமான மரக்குச்சியை மரப்பசையோடு இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாக வெட்டுங்கள். இந்த முறை நூல் கட்டிப் பார்த்துவிட்டுத் துளை போடுங்கள். பெரும்பாலும் பிரிட்ஜின் தகடே அடைப்பை மூடிவிடும்.

கேள்வி: திறந்த தந்தி சுருதி சேர்கிறது. முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் ஏறிவிடுகிறது. பிரிட்ஜ் தப்பா?

பதில்: நல்ல கேள்வி. பிரிட்ஜில் கை வைக்காதீர்கள், நட் உயரமாக இருக்கிறது. தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் போதும். அதைவிட அதிகமென்றால் தந்தியின் தடிமனுக்கேற்ற அரத்தால், தலைப்பக்கம் சரியும்படி பள்ளத்தை இறக்குங்கள். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை தந்தியை மாட்டிப் பாருங்கள். ஆழம் கூடித் திறந்த தந்தி சலசலத்தால், எலும்புத் தூளைப் பள்ளத்தில் நிரப்பி ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு, இறுகியதும் மறுபடி அராவுங்கள்.