பெல்ட் சாணையில் தீட்டினால் கத்தியின் பதம் போய்விடுமா?

சமையல் கத்தியையும் அரிவாளையும் மின்சார பெல்ட் சாணையில் (உப்புத்தாள் போன்ற பட்டை சுழலும் இயந்திரம்) தீட்டலாமா, பதம், அதாவது எஃகின் கடினம், போய்விடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தீட்டலாம். அழுத்தி, ஒரே இடத்தில் நிறுத்தித் தீட்டினால்தான் பதம் போகும்.

கூர் விளிம்பு காகிதத்தைவிட மெல்லியது. உராய்வில் எழும் சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே போதிய இரும்பு கிடையாது. கார்பன் எஃகு நீலம் பூத்தால் சூடு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் ஆகிவிட்டது என்று பொருள். அந்த இடம் மென்மையாகிவிட்டது, எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. அதைத் தேய்த்தே நீக்க வேண்டியிருக்கும். எனவே வேகத்தைக் குறைத்து, அழுத்தாமல் இழுங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் பிறகு தண்ணீரில் தோய்த்தெடுங்கள். தயவுசெய்து கையுறை வேண்டாம். ஓடும் பெல்ட்டில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு முகக்கவசமும் கட்டாயம்.

பெல்ட் கூரிலிருந்து விலகி ஓடும் பக்கத்தில் கத்தியை வையுங்கள். எதிர்த்து ஓடினால் கூர் பெல்ட்டைக் கிழித்துவிடும். நுனி பெல்ட்டின் நடுவுக்கு வந்ததும் கத்தியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நுனி உருண்டுபோகும். புதியவர்கள் பெரும்பாலும் கெடுப்பது இதைத்தான்.

கத்தியைப் பெல்ட்டில் சாய்க்கும் கோணம், சமையல் கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி, அரிவாளுக்கு 25 முதல் 30. ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கத்தில் முழு நீளத்துக்கும் பிசிறு (விளிம்பில் மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பு) எழுந்த பிறகே திருப்புங்கள். 220, 400, 1000 என்று (இவை சொரசொரப்பு எண்கள்; எண் கூடினால் நைசு) நைசான பெல்ட்டுகளுக்கு மாறி, கடைசியில் தோல் பெல்ட்டில் பிசிறைப் போக்கிவிடுங்கள்.