மகள் ரெசோனன்ட் கன்வெர்ட்டர் துறைக்குப் போகலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

இ.இ.இ. மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு “அகன்ற வெளியீட்டு மின்னழுத்த வரம்புக்கான ரெசோனன்ட் கன்வெர்ட்டர்” என்ற தலைப்பை எடுத்திருப்பதாகவும், வளாகத் தேர்வுக்கு வரும் மென்பொருள் நிறுவனங்களை ஒதுக்கிவிட்டுப் பவர் எலக்ட்ரானிக்ஸ் துறையிலேயே வேலை தேடப் போவதாகச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பிக் காலம் தள்ள முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும் என்பதே என் பதில். ஆனால் அந்தத் தலைப்பில் அவர் என்ன வேலை செய்து காட்டப் போகிறார் என்பதைப் பொறுத்தே அது அமையும். ஆகவே அந்த வேலை எத்தகையது என்பதை நீங்களும் ஓரளவு தெரிந்துகொள்வது நல்லது. மகளிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அப்போது உங்களுக்கே தோன்றும்.

கன்வெர்ட்டர் என்பது ஒரு மின்னழுத்தத்தை வேறொரு மின்னழுத்தமாக மாற்றித் தரும் சர்க்யூட். மின்சார வாகனத்துக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். 400 வோல்ட் வகை என்று சொல்லப்படும் காரின் பேட்டரி எப்போதும் 400 வோல்ட்டில் இருப்பதில்லை. கிட்டத்தட்டத் தீர்ந்துபோன நிலையில் 250 வோல்ட் அளவுக்கு இறங்கியும், நிரம்பிய நிலையில் 450 வோல்ட் வரை ஏறியும் இருக்கக்கூடும். சார்ஜர் அந்த வரம்பு முழுவதிலும் சூடேறாமல் வேலை செய்ய வேண்டும். நெடுஞ்சாலையோரத்து வேக சார்ஜருக்கு இதைவிடப் பெரிய சோதனை: 400 வோல்ட் காரும் 800 வோல்ட் காரும் ஒரே கேபிளில் வந்து நிற்பதால், அது 200 முதல் 1000 வோல்ட் வரை கொடுக்க வேண்டியிருக்கிறது. சிறிய அளவில் இதே சிக்கல் மடிக்கணினி சார்ஜரிலும் உண்டு. யுஎஸ்பி பவர் டெலிவரி முறையில் ஒரே சார்ஜர் கைபேசிக்கு 5 வோல்ட்டும் மடிக்கணினிக்கு 20 வோல்ட்டும் தருகிறது. 2021இல் வந்த 3.1 பதிப்பு அதை 48 வோல்ட், 240 வாட் வரை உயர்த்திவிட்டது.

சாதாரண கன்வெர்ட்டரில், டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் அதன் குறுக்கே மின்னழுத்தமும் அதனூடே மின்னோட்டமும் ஒருசேர இருப்பதால் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிப் போகிறது. நொடிக்கு ஒரு லட்சம் முறை இது நடந்தால் அந்த வெப்பம் எவ்வளவு என்பதை நீங்களே ஊகிக்கலாம். ரெசோனன்ட் கன்வெர்ட்டரில், குறிப்பாக எல்எல்சி என்ற அமைப்பில், இரண்டு இண்டக்டரும் (கம்பிச் சுருள்) ஒரு கெப்பாசிட்டரும் (மின்னூட்டத்தைச் சேமிப்பது) சேர்ந்து மின்னோட்டத்தைச் சற்றுப் பின்தங்க வைக்கின்றன. டிரான்சிஸ்டர் ஆன் ஆவதற்கு முன்பே அதன் குறுக்கே இருந்த மின்னழுத்தம் வடிந்துவிடுவதால் அந்த வெப்பம் பெரும்பாலும் பிறப்பதே இல்லை. டேட்டா சென்டர்களில் இருக்கும் சர்வர் பவர் சப்ளைகளில் எல்எல்சி பரவலாக இடம்பெறக் காரணம் இதுதான். பவர் சப்ளைகளுக்கான 80 பிளஸ் சான்றிதழின் டைட்டானியம் தரம் 230 வோல்ட் இணைப்பில், பாதி லோடில் (தரக்கூடிய மின்சக்தியில் பாதியை இழுக்கும்போது) 96 சதவீதத் திறனைக் கேட்கிறது; அதாவது உள்ளே போவதில் 96 சதவீதம் பயனாக வெளியே வர வேண்டும். ஆனால் அங்கே வெளியீடு 12 அல்லது 48 வோல்ட் என்று ஒரே இடத்தில் நிற்கிறது. கன்வெர்ட்டரும் தனக்கு மிக வசதியான ஒத்ததிர்வு அதிர்வெண்ணை, அதாவது அந்த இண்டக்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து இயல்பாக அதிரும் வேகத்தை, ஒட்டியே ஓடுகிறது. வெளியீட்டை மாற்ற வேண்டுமானால் அதிர்வெண்ணை அங்கிருந்து விலக்கியாக வேண்டும். விலக விலகத் திறன் குறைகிறது. உங்கள் மகள் கையில் எடுத்திருப்பது இந்தச் சிக்கலைத்தான்.

அடுத்து வருவது கணக்கு. உங்களுக்குப் புரியாவிட்டாலும் பாதகமில்லை, மகளிடம் காட்டுங்கள். உள்ளீடு 400 வோல்ட், வெளியீடு 250 முதல் 450 வோல்ட், மின்சக்தி 3.3 கிலோவாட் கொண்ட ஃபுல் பிரிட்ஜ் (நான்கு டிரான்சிஸ்டர்) எல்எல்சி என்று வைத்துக்கொள்வோம். 100 நானோஃபாரட் கெப்பாசிட்டருடன் 25.3 மைக்ரோஹென்றி இண்டக்டரைச் சேர்த்தால் ஒத்ததிர்வு 100 கிலோஹெர்ட்ஸில் அமையும். அந்த இடத்தில் 330 வோல்ட் வெளியீடு வருமாறு டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று விகிதத்தை அமைத்தால், 450 வோல்ட்டுக்கு 1.36 மடங்கு ஏற்றமும், 250 வோல்ட்டுக்கு 0.76 மடங்கு இறக்கமும் தேவை. டிரான்ஸ்ஃபார்மரின் சுருளே தரும் இரண்டாவது இண்டக்டன்ஸான மேக்னடைசிங் இண்டக்டன்ஸை ஒத்ததிர்வு இண்டக்டன்ஸைப் போல் 5 மடங்காக, அதாவது ஏறத்தாழ 127 மைக்ரோஹென்றியாக வைத்து, முதல் ஹார்மோனிக்கை மட்டும் கொள்ளும் தோராயக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், முழு லோடில் 450 வோல்ட் சுமார் 63 கிலோஹெர்ட்ஸிலும் 250 வோல்ட் சுமார் 160 கிலோஹெர்ட்ஸிலும் கிடைக்கின்றன. பெரும்பாலான மாணவர் அறிக்கைகள் இந்த இடத்தில் நிறைவாக முடிந்துவிடுகின்றன.

நான் தேர்வாளர் நாற்காலியில் இருந்தால் அடுத்துக் கேட்பது இதுதான்: “லோடு கிட்டத்தட்ட இல்லாத நேரத்தில் உங்கள் கன்வெர்ட்டர் 250 வோல்ட்டுக்கு இறங்குமா?” இறங்காது. லோடு இல்லாத எல்எல்சியில் அதிர்வெண்ணை எவ்வளவு உயர்த்தினாலும் அதே தோராயக் கணக்கின்படி ஏற்றம் (330 வோல்ட்டோடு ஒப்பிட்ட மடங்கு) ஆறில் ஐந்துக்குக் கீழே போகாது. 330இல் ஆறில் ஐந்து என்றால் 275 வோல்ட். உண்மையான சர்க்யூட்டில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகளுக்கும் டயோடுகளுக்கும் உள்ள சிறு கெப்பாசிட்டன்ஸ்கள் சேர்ந்து நிலைமையை இன்னும் கெடுக்கும். சரி, மேக்னடைசிங் இண்டக்டன்ஸைக் குறைத்து விகிதத்தை 3 ஆக்கினால்? அப்போது 250 வோல்ட் எட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் லோடுக்குச் சிறிதும் பயன்படாமல் சுற்றிச் சுற்றி ஓடும் மேக்னடைசிங் மின்னோட்டத்தின் உச்சம், ஒத்ததிர்வுப் புள்ளியில், ஏறத்தாழ 8 ஆம்பியரிலிருந்து 13 ஆம்பியருக்கு ஏறுகிறது. அதனால் சுருள்களிலும் டிரான்சிஸ்டர்களிலும் உண்டாகும் வெப்பம் 2.8 மடங்காகிறது. அந்த மின்னோட்டத்தை அடியோடு குறைத்துவிடலாம் என்றாலும் வழியில்லை. டிரான்சிஸ்டரின் மின்னழுத்தத்தை, இரண்டு சுவிட்சுகளும் ஆஃப் ஆக இருக்கும் டெட் டைமுக்குள் வடிய வைப்பதே அதுதான். இந்தக் கயிறிழுப்பை எண்களோடு விளக்கிச் சொல்லத் தெரிந்த மாணவியை எந்த ஹார்டுவேர் குழுவும் எளிதில் விடாது என்பது என் கணிப்பு.

தொழிலில் இருப்பவர்கள் இதற்குப் பல வழிகளைக் கண்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஒரு விலையைக் கேட்கிறது. வேக சார்ஜர்களில் 500 வோல்ட் வெளியீடு கொண்ட இரண்டு பகுதிகளைக் குறைந்த மின்னழுத்தத்துக்கு இணையாகவும், 500க்கு மேல் தொடராகவும் இணைக்கிறார்கள். 5 மடங்காக இருந்த வரம்பு ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டரை மடங்காகச் சுருங்கிவிடுகிறது, ஆனால் மாற்றி இணைக்கும் கான்டாக்டர்களும் அவற்றின் பழுதுகளும் கூடவே வருகின்றன. ஃபுல் பிரிட்ஜை ஹாஃப் பிரிட்ஜாக (இரண்டு டிரான்சிஸ்டர்களை மட்டும் மாற்றி மாற்றி இயக்கி) ஓட்டினால் ஏற்றம் பாதியாகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் கணத்தில் மின்னோட்டம் குதிக்காமல் பார்த்துக்கொள்வது கன்ட்ரோல் எழுதுபவரின் தலைவலி. முன்னால் இருக்கும், மின் இணைப்பின் ஏசியை டிசியாக மாற்றித் தரும் பிஎஃப்சி பகுதியின் மின்னழுத்தத்தையே பேட்டரிக்கேற்ப ஏற்றி இறக்குவது எனக்குப் பிடித்த வழி. ஆனால் 230 வோல்ட் இணைப்பின் உச்சம் 325 வோல்ட் என்பதால் மின்னழுத்தத்தை உயர்த்த மட்டுமே தெரிந்த, வழக்கமான பூஸ்ட் பிஎஃப்சியில் அதற்குக் கீழே போக முடியாது. மேலே 450 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் தடுக்கின்றன. குறைந்த லோடுக்கு பர்ஸ்ட் முறையில் விட்டுவிட்டு ஓட்டலாம். அப்போது வெளியீட்டில் ரிப்பிள், அதாவது மின்னழுத்தத்தின் சிறு ஏற்ற இறக்கம், கூடும். எந்த வழியை ஏன் தேர்ந்தெடுத்தேன், எதை ஏன் விட்டேன் என்று உங்கள் மகள் இரண்டு பக்கம் சொந்தமாக எழுதினால், அதுவே ப்ராஜெக்ட் அறிக்கையின் மிகச் சிறந்த பகுதியாக இருக்கும்.

இப்போது நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டிய ஓர் இடத்துக்கு வருகிறேன். ப்ராஜெக்ட் சென்டர்களில் பணம் கட்டினால் இதே தலைப்பில் சிமுலேஷன், அறிக்கை, பலகையில் பொருத்திய சர்க்யூட் எல்லாம் கைக்கு வந்துவிடும் என்பது ஊரறிந்த செய்தி. அந்தப் பணத்தை அங்கே கொடுக்காதீர்கள். மதிப்பெண் வந்துவிடும், மறுக்கவில்லை. நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்விக்கே சாயம் வெளுத்துவிடும். அதற்குப் பதிலாக அந்தத் தொகையில் ஒரு பகுதியை ஃபெரைட் கோர், லிட்ஸ் வயர், மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், அதை இயக்கும் கேட் டிரைவர், இண்டக்டன்ஸையும் கெப்பாசிட்டன்ஸையும் அளக்கும் ஒரு நல்ல எல்சிஆர் மீட்டர் ஆகியவற்றுக்குக் கொடுங்கள். சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் எல்டிஸ்பைஸ் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

400 வோல்ட்டில் தொடங்க வேண்டியதில்லை, தொடங்கவும் கூடாது. 48 வோல்ட் உள்ளீடு, 15 முதல் 27 வோல்ட் வெளியீடு, 100 வாட் என்று வைத்துக்கொண்டால், கார் சார்ஜரில் உள்ள அதே 1.8 மடங்கு வரம்பு உயிருக்கு ஆபத்தில்லாத அளவில் மேசைமேல் வந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மரை அவரே சுற்ற வேண்டும். கோரின் இரு பாதிகளுக்கும் நடுவே மெல்லிய தாளை வைத்து இடைவெளியைக் கூட்டக் கூட்ட மேக்னடைசிங் இண்டக்டன்ஸ் எப்படி இறங்குகிறது என்பதை மீட்டரில் பார்க்க வேண்டும். முதன்மைச் சுருளையும் துணைச் சுருளையும் தள்ளிச் சுற்றினால் லீக்கேஜ் (இரண்டு சுருள்களையும் இணைக்காத காந்தப்புலம் தரும் இண்டக்டன்ஸ்) எவ்வளவு கூடுகிறது, அதையே ஒத்ததிர்வு இண்டக்டராகப் பயன்படுத்திக்கொள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும். பிறகு குறைந்த வெளியீடு, கூடிய வெளியீடு, லேசான லோடு, முழு லோடு என்று வரம்பின் நான்கு மூலைகளிலும் அளந்து எழுத வேண்டும். நடுப்புள்ளியில் மட்டும் அளந்த திறன் இந்தத் தலைப்புக்கு எந்தப் பயனும் தராது.

அளக்கும்போது ஓர் எச்சரிக்கை. 100 வாட் கன்வெர்ட்டரின் இழப்பு 5 வாட் என்றால், உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் மீட்டர்கள் ஒரு சதவீதம் தவறினாலே அந்த 5 வாட்டில் 2 வாட் வரை பொய்யாகிவிடும். ஆகவே திறன் 97.3 சதவீதம் என்று தசமத்தோடு எழுதுவதற்கு முன் மீட்டரின் பிழையைக் கணக்கிட வேண்டும். தவிர, 20 வோல்ட் வெளியீட்டில் அரை வோல்ட் விழும் ஷாட்கி டயோடே இரண்டரை சதவீதத்தை விழுங்கிவிடும் என்பதால், டயோடுக்குப் பதில் மாஸ்ஃபெட்டை வைக்கும் சிங்க்ரனஸ் ரெக்டிஃபயர் இல்லாத சிறிய மாதிரி 97ஐ எட்டியதாகச் சொன்னால் நான் நம்பத் தயங்குவேன். 94 வந்தாலும் எங்கே 6 போயிற்று என்று பிரித்துக் காட்டுவது அதைவிட மதிப்புள்ளது.

வேலை எங்கே என்று கேட்டிருந்தீர்கள். வெகுதூரம் போக வேண்டாம். கிருஷ்ணகிரியில் டெல்டா எலக்ட்ரானிக்ஸின் தொழிற்சாலை இருக்கிறது. ஓசூரில் டிவிஎஸ் மோட்டாரும் ஏத்தரும், கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே ஓலா எலக்ட்ரிக்கும் வாகனங்கள் தயாரிக்கின்றன. பெங்களூருவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், இன்ஃபினியான் போன்ற சிப் நிறுவனங்களின் குழுக்கள் உள்ளன. சார்ஜர், யுபிஎஸ், சோலார் இன்வெர்ட்டர், எல்இடி டிரைவர் செய்யும் நடுத்தர நிறுவனங்கள் கோவையிலும் சென்னையிலும் உண்டு. புதியவருக்கு முழு வடிவமைப்பையும் கண்ணால் பார்க்க வாய்ப்புக் கிடைப்பது இத்தகைய இடங்களில்தான். முதல் வேலை பெரும்பாலும் டெஸ்டிங் அல்லது வேலிடேஷன் பிரிவில் அமையும். அதைக் கீழான வேலை என்று நினைக்க வேண்டாம், கன்வெர்ட்டர் எப்படியெல்லாம் வெடிக்கும் என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை: வளாகத்துக்கு வந்து நூற்றுக்கணக்கில் அள்ளிச் செல்வது மென்பொருள் நிறுவனங்களின் வழக்கம், இத்துறையில் ஒவ்வோரிடமாக விண்ணப்பித்து, தெரிந்தவர்களிடம் கேட்டு, தேடிப் போக வேண்டியிருக்கும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளின் சம்பளத்தை வைத்து இத்துறையை எடைபோடாதீர்கள்.

மேற்படிப்பு அவசியமா என்றால், வடிவமைப்புப் பணிக்கு அது கதவை விரைவாகத் திறக்கிறது. எம்.டெக். சேர்க்கைக்கான தேசிய அளவிலான கேட் தேர்வின் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால் இறுதியாண்டிலேயே எழுதி வைத்துவிடலாம். திருச்சி என்ஐடியில் பவர் எலக்ட்ரானிக்ஸுக்கென்றே எம்.டெக். இருக்கிறது, சென்னை ஐஐடி, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் இத்துறை வலுவாக உள்ளது. அதுவரை ஐஐடிகளின் இணையப் பாடங்கள் கிடைக்கும் என்பிடெல் தளத்தின் பவர் எலக்ட்ரானிக்ஸ் பாடங்களை, ஒரு பருவத்துக்கு ஒன்று என்ற கணக்கில், பயிற்சிக் கணக்குகளோடு முடிக்கச் சொல்லுங்கள். சி மொழியில் மைக்ரோகன்ட்ரோலருக்கு நிரல் எழுதுவதையும் விடக்கூடாது. அதிர்வெண்ணை நொடியில் ஆயிரக்கணக்கான முறை திருத்தும் கன்ட்ரோல் நிரல் இல்லாமல் இன்றைய கன்வெர்ட்டர் ஓடாது. மென்பொருள் பக்கம் போக நேர்ந்தாலும் அந்தத் திறன் வீணாகாது.

வளாகத் தேர்வைப் புறக்கணிக்கச் சொல்ல மாட்டேன். மென்பொருள் நிறுவனத் தேர்வையும் அவர் எழுதட்டும். வேலை கிடைத்தால், சேர்ந்த பின் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடட்டும். ஹார்டுவேர் நிறுவனங்களுக்கான விண்ணப்பங்களை ஏழாம் பருவத்திலேயே தொடங்க வேண்டும். அதற்குள் 48 வோல்ட் மாதிரி ஓடி, நான்கு மூலைகளின் அளவீடும் அலைக்காட்டிப் படங்களும் அவர் கையில் இருக்க வேண்டும். ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் வேலையை இந்த விடுமுறையிலேயே முடிக்கச் சொல்லுங்கள். வீட்டில் வைத்துச் செய்வதானால், கெப்பாசிட்டரின் மின்னூட்டத்தை இறக்காமல் சர்க்யூட்டில் கை வைப்பதில்லை என்பதை மட்டும் ஒரு நாளும் தளர்த்த வேண்டாம். 400 வோல்ட் பக்கம் போகும் நாள் வந்தால் அது கல்லூரி ஆய்வகத்தில், அருகில் இன்னொருவர் இருக்கும்போது நடக்கட்டும்.